துரை வேலி தாண்டவில்லை

ஊசிக்காரருக்குக் கிட்டத்தில் இருக்கிற எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போய் ரொம்ப நாளாகிறது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்கிற விஷயம் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. மருந்துக் கடைக்காரர் மற்றவர்களுக்கு மாத்திரை அட்டையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார். இவருக்கு மட்டும் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கொடுப்பார். டீக்கடையில் இவர் செய்தித்தாளைக் கையில் எடுத்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் "இன்னைக்கு என்ன போட்டிருக்கான்னா..." என்று தானாகவே ஆரம்பித்துவிடுவார். தன்மேல் இருக்கிற மரியாதையில்தான் படித்துக் காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஊசிக்காரரும் கால்மேல் கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். ஊசியில் நூல் கோக்க ஒரு கண்ணாடி வைத்திருந்தார். அது எந்நேரமும் தையல் மெஷின் மேலேயே கிடக்கும்.

"ஏங்க, ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று அந்த அம்மாள் பல தடவை கேட்டாயிற்று.

"எனக்கு எதுக்குக் கண்ணாடி? கண்ணு ஜோரா இருக்கு. இப்பல்லாம் எழுத்தைத்தான் எறும்பு படிக்கிறதுக்கு அடிக்கிற மாதிரி அடிக்கிறானுங்க."

தலைமுடிக்கு மாதம் தவறாமல் மை பூசுகிற மனிதர் அவர். மூக்கின்மேல் கண்ணாடி ஏறிவிட்டால் பூசிய மை அத்தனையும் வீண் என்பது அவர் நினைப்பு. மனிதனுக்கு வீம்பு இருக்கலாம், தப்பில்லை. பல்லே இல்லாதவர் முறுக்கு கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இவர் பார்த்த வேலை சிரித்துவிட்டுப் போகிற வேலை இல்லை.

மாட்டினக் காப்பு மையத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலை. பெயரும் அதனால் வந்ததுதான். மையத்தின் பின்னறையில் இடுப்பு உயரத்துக்கு ஓர் அலுமினிய டாங்க் இருந்தது. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கும். உள்ளே திரவ நைட்ரஜன். விரலை விட்டால் விரல் போய்விடும், அப்படிக் குளிர். அந்தக் குளிருக்குள் காளைகளின் விந்து சின்னச் சின்னக் குச்சிகளில் உறைந்து கிடந்தது. பேனா ரீஃபிலைவிட மெலிந்த குச்சி. அதன் உடம்பில் காளையின் இனமும் எண்ணும் பொடி எழுத்தில் அடித்திருக்கும். காளை செத்து மண்ணாகிப் போயிருந்தாலும் குச்சி இருக்கும்வரை அதற்குக் கன்று பிறக்கும்.

அந்த டாங்கில் இருந்ததிலேயே விலைமதிப்பில்லாதவை குட்டைச் செவலை என்ற நாட்டு மாட்டினத்தின் குச்சிகள். குட்டைச் செவலை ஆள் இடுப்பு உயரம்தான் நிற்கும். கிடைத்ததைத் தின்னும், வெயிலுக்கு அசையாது, நோய் லேசில் அண்டாது. பால் மட்டும் கொஞ்சம்தான் கறக்கும். அந்த ஒரு குற்றத்துக்காக ஆளாளுக்கு அதை விற்றுவிட்டு, குடம் குடமாகக் கறக்கிற பெரிய கலப்பு மாட்டுக்கு மாறிவிட்டார்கள். கடைசியில் சுத்தமான செவலைப் பசுக்கள் மேட்டுவீட்டுக்காரம்மாவின் கொட்டகையில் மட்டும்தான் மிஞ்சின. காளை என்று மையத்தில் இருந்த ஒன்றும் வயதாகிச் செத்துப்போனது. அதன் குச்சிகள் ஒரு கைப்பிடி அளவுக்கு டாங்கில் இருந்தன.

மையத்துக்குப் பொறுப்பாக வந்த டாக்டரம்மாவுக்கு இந்த இனத்தை மீட்டுவிட வேண்டும் என்று ஒரே வெறி. "ஒரு காளைக் கன்னு பிறந்துட்டா போதும் அண்ணே, கொஞ்ச காலம் ஓட்டிடலாம்," என்பார். உடனே முகம் வாடிவிடும். "ஆனா ஒரே தகப்பனை வச்சு எத்தனை நாளைக்கு? அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் முடிச்சுப் போட்ட கதையாயிடும். உறவில்லாத வேற ரத்தத்துல ஒரு காளை எங்கயாவது இருக்கணும்." அதைத் தேடி அவர் போகாத சந்தை இல்லை.

வினை, நிறத்தில் வந்தது. அதுவரை செவலைக் குச்சி ஆரஞ்சு, கலப்புக் குச்சி மஞ்சள். புதிதாக வந்த சரக்கில் கலப்புக் குச்சியும் ஆரஞ்சாகவே வந்துவிட்டது.

"நிறத்தை நம்பிடாதீங்க அண்ணே. எழுத்தைப் படிச்சுட்டுப் போடுங்க," என்றார் டாக்டரம்மா.

"இத்தனை வருஷமா என்ன பண்றேன்? அதெல்லாம் பார்த்துக்கலாம்மா," என்றார் ஊசிக்காரர். எழுத்தைக் கண்ணால் பார்ப்பதையே அவர் விட்டு எத்தனையோ காலமாயிற்று.

மேட்டுவீட்டுக்காரம்மா தன் பசுக்களிலேயே நல்ல பசுவைச் சினைப் பருவத்தில் மையத்துக்கு ஓட்டி வந்தார். ஊசிக்காரர் டாங்கிலிருந்து ஒரு குச்சியை இடுக்கியால் எடுத்து வெதுவெதுப்பான நீரில் விட்டார். துணியால் ஈரம் துடைத்தார். அடுத்தது எழுத்தைப் படிப்பது. அதற்குப் பிறகுதான் நுனியை வெட்ட வேண்டும். மேட்டுவீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன்தானா? பார்த்துட்டீங்களா?" என்று கேட்டார். செத்துப்போன காளையை அவர் அவன் என்றுதான் சொல்வார்.

ஊசிக்காரர் குச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் கை எட்டும் தூரத்துக்கு நீட்டினார். தலையைப் பின்னுக்கு இழுத்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு, படிக்கிறவர் மாதிரி உதட்டையும் லேசாக அசைத்தார். ஆரஞ்சுக் கோட்டின்மேல் ஏதோ கறுப்பாக ஊர்ந்தது.

"அவனேதான்," என்றார்.

மாதங்கள் ஓடின. பசுவின் வயிறு அளவுக்கு மீறிப் பெருத்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பிரசவ நாளன்று அந்தச் சந்தோஷம் பசு கத்திய கத்தலில் போய்விட்டது. குட்டைப் பசு, வயிற்றிலோ பெரிய கன்று. டாக்டரம்மாவும் ஊசிக்காரரும் கன்றின் முன்காலில் கயிறு கட்டி, பசு முக்கும்போதெல்லாம் இழுத்தார்கள். பசு பிழைத்ததே பெரும்பாடு. இனி அது சினை பிடிக்காது என்று டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். வைக்கோல்மேல் கிடந்த கன்றைத் துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்தது. கறுப்புக்கு நடுவில் வெள்ளைத் திட்டுகள் வந்தன. நெற்றியில் அகலமாக ஒரு வெள்ளை.

மேட்டுவீட்டுக்காரம்மாதான் கடைசியில் கேட்டார்.

"ஊசிக்காரரே, நீங்க போட்டது செவலை ஊசிதானே?"

"அதுல என்னக்கா சந்தேகம்?"

வாய் முந்திக்கொண்டது. அந்த நொடியில் அவருக்கே பாதி நம்பிக்கைதான். ஆனாலும் பதில் மட்டும் முழுசாக வந்துவிட்டது.

"அப்ப எவனோ வேலி தாண்டி வந்திருக்கான்," என்றார் மேட்டுவீட்டுக்காரம்மா. சொன்னவர் கன்றின் நெற்றி வெள்ளையையே பார்த்தார். அந்தத் தெருவில் நெற்றியில் வெள்ளை வைத்த கறுப்புக் காளை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது ஊசிக்காரரின் மச்சானுடையது. மனைவியின் கூடப்பிறந்த அண்ணன் அவர். தண்ணீர் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர். காளைக்குத் துரை என்று பெயர். எங்கோ சந்தையில் யாரும் சீந்தாமல் நின்ற கன்றை இழுத்து வந்து வளர்த்தது. வண்டி இழுக்கிற மாட்டுக்குக் காயடித்துவிட வேண்டும் என்று எத்தனையோ பேர் சொல்லியும் மச்சான் கேட்கவில்லை. "அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போவுது. அதுகிட்ட எதுக்கு வம்பு?" என்பார். மேட்டுவீட்டு மேய்ச்சல் நிலத்தின் வேலியோரம்தான் மத்தியானத்தில் அதை அவிழ்த்து விடுவார். போன வருடம் அந்த வேலியில் ஓட்டை இருந்ததும் உண்மைதான்.

ஊசிக்காரர் யார் பெயரையும் வாயைத் திறந்து சொல்லவில்லை. இதை நினைத்துப் பின்னால் அவர் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்ததும் உண்டு. வாயை மூடிக்கொண்டே ஒரு பிராணியின் தலையில் பழியைப் போட முடியும் என்பதை அவர் அன்றைக்குத்தான் செய்து காட்டினார்.

மறுநாள் காலை, மனைவி தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்து, மெஷின் மேல் இருந்த கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மையத்துக்குப் போனார். டாக்டரம்மா இன்னும் வரவில்லை. பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு டாங்கைத் திறந்தார். அன்றைக்குக் கை போன அதே மூலையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, துடைத்து, கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கலப்பு இனம். பெரிய காளை.

கண்ணாடி வழியே வேறு பலவும் தெரிந்தன. தன் நகக்கண்ணில் இருந்த அழுக்கு தெரிந்தது. புறங்கைத் தோலின் சுருக்கம் தெரிந்தது. சுவரில் டாக்டரம்மா ஒட்டியிருந்த அட்டையில் "எழுத்தைப் படித்த பிறகே வெட்டவும்" என்று எழுதியிருந்தது தெரிந்தது. அந்த அட்டை அங்கே எத்தனை காலமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் அதை ஏதோ படம் என்று நினைத்திருந்தார். காது மடல் வரை சூடேறியது. அறையில் ஒருவரும் இல்லை; இருந்தும் யாரோ பார்த்துவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றே சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவுகூடச் செய்தார். அவர் வந்து வண்டியை நிறுத்தி, "பாவம் அண்ணே, உங்களுக்குத்தான் ரொம்ப ஏமாற்றம். உங்க கையால ஆன வேலையாச்சே," என்றார். அதோடு முடிவு கரைந்துவிட்டது. நம்மை இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிற ஆளிடம் எப்படிக் கீழே இறங்குவது என்று தெரியாமல் மனிதன் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான்.

டாக்டரம்மா கன்றின் வாலிலிருந்தும் பசுவின் வாலிலிருந்தும் முடியை வேரோடு பிடுங்கி உறையில் போட்டார். மச்சான் வீட்டுக்குப் போய்த் துரையின் வாலிலிருந்தும் எடுத்துக்கொண்டார். அப்போது துரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "உயரத்தைப் பாருங்க அண்ணே. திமிலைப் பாருங்க. நிறம் மட்டும் சிவப்பா இருந்தா..." என்று இழுத்தார். பிறகு, "லேப்ல இருந்து முடிவு வரட்டும். தகப்பன் யாருன்னு மரபணு சொல்லிடும். அதுவரைக்கும் யாரும் எதுவும் பண்ண வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, ஏதோ பயிற்சி என்று வெளியூர் போனார்.

மேட்டுவீட்டுக்காரம்மாவுக்கு மரபணுவும் தெரியாது, பொறுமையும் கிடையாது. மலடாகிப்போன பசுவைத் தினமும் பார்க்கிறவர் அவர். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. தண்ணீர் வண்டியை நடுத்தெருவில் மறித்தார்.

"உன் மாட்டை அடக்கத் துப்பில்ல, நீ எங்களுக்குத் தண்ணி ஊத்த வந்துட்டியா?"

"அக்கா, சத்தியமாச் சொல்றேன், என் மாடு வேலி தாண்டலை. நான் அங்கேயேதான் படுத்திருந்தேன்."

"படுத்திருந்தேன்னு நீயே சொல்றே. தூங்கினவனுக்கு மாடு போனது தெரியுமா, வந்தது தெரியுமா?"

தெரு சிரித்தது. அடுத்த நாள் நாலு வீடு வேறு வண்டியில் தண்ணீர் வாங்கியது. அதற்கடுத்த நாள் அந்தத் தெருவே வாங்கியது.

சாயங்காலம் மச்சான் தங்கை வீட்டுக்கு வந்தார். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் ஊசிக்காரரின் மனைவி காலை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். மச்சான் நாற்காலியில் உட்காரவில்லை.

"மாப்பிள்ளை, ஒரே ஒரு வார்த்தை கேக்கிறேன். கோவிச்சுக்கக் கூடாது. ஊசி சரியாத்தானே போட்டீங்க?"

டாக்டரம்மா வரட்டும், முடிவு வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அப்படிச் சொன்னால், ஏன் மாப்பிள்ளை, உங்களுக்கே சந்தேகமா என்று மச்சான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தார்.

"சரியாத்தான் போட்டேன் மச்சான்."

மச்சான் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"நீங்க சரின்னா சரிதான். உங்க கை சுத்தம். அப்ப அந்த நாய்தான் என் கண்ணுல மண்ணைத் தூவிட்டுப் போயிருக்கு. நாளைக்கு வந்து காயடிச்சு விட்டுடுங்க மாப்பிள்ளை. வேற எவன் கையிலயும் அதைக் குடுக்க மாட்டேன்."

ஊசிக்காரரின் மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தார். கணவன் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலையில் அது நடந்தது. துரையை வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். மச்சான் தன் துண்டால் அதன் கண்ணைக் கட்டிவிட்டு, கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காதோரமாக ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். காயடிக்கிற இடுக்கி நீளக் கைப்பிடியோடு கனமாக இருக்கும். தோல் கிழியாது, ரத்தம் வராது; உள்ளே விதைக்குப் போகிற நரம்பு மட்டும் நசுங்கிப்போகும். ஊசிக்காரர் இடம் பார்த்துப் பிடித்தார். லேசாக அழுத்திவிட்டு ஏமாற்றிவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்து போனது. அதற்கும் துணிச்சல் வேண்டும். கை, பழகிய வேலையைப் பழகியபடியே செய்தது. இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை. துரை முதுகை வளைத்து, நாக்கை வெளியே தள்ளி, ஒரு பெருமூச்சு விட்டது. உதைக்கவில்லை. உதைத்திருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"பார்த்தீங்களா, மாப்பிள்ளை கைன்னா இதுதான்," என்று சுற்றி நின்றவர்களிடம் மச்சான் சொன்னார். அவர் கண் சிவந்திருந்தது. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். ஊசிக்காரர் அதைக் குடித்தார். குடித்ததைத்தான் அவரால் பிற்பாடு மறக்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது மனைவி சொம்பில் தண்ணீர் ஊற்றினார்.

"என் கண்ணாடியை எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கிறேன்?"

"கேட்டேன். நான் மெஷின் மேலதான் போடுவேன். அன்னைக்கு வந்து பார்த்தா கூட்டுக்குள்ள மடிச்சு வச்சிருந்துது. அந்தக் கூடு எங்கே இருக்குன்னு எனக்கே மறந்துபோச்சு."

ஊசிக்காரர் கையை உதறினார். மனைவி சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார். அன்று முழுக்க அந்த அம்மாள் அவரிடம் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே!

டாக்டரம்மா பயிற்சி முடிந்து திரும்பிய அன்று நேராக மையத்துக்கு வந்தார். பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஊசிக்காரரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"லேப்ல இருந்து பேசினாங்க அண்ணே. கன்னுக்குத் தகப்பன் துரை இல்ல."

ஊசிக்காரர் தலையாட்டினார்.

"நம்ம டாங்க்ல இருக்கிற கலப்புக் காளையோட ஒத்துப்போகுது. குச்சி மாறியிருக்கு."

அதற்கும் தலையாட்டினார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. கன்னு பிறந்த மறுநாளே தெரியும். எனக்கு எழுத்து தெரியலை. படிச்ச மாதிரி நடிச்சேன்."

இவ்வளவையும் சொல்லி முடித்ததும், மலையை இறக்கி வைத்தாற்போல் இருக்கும் என்று எதிர்பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை. மாட்டிக்கொண்ட பிறகு சொல்வதற்கு என்ன பாரம் இறங்கும்? டாக்டரம்மா கோபப்படவும் இல்லை. அவர் முகத்தில் வேறு ஏதோ ஒளி இருந்தது. குச்சி விஷயத்தை ஒரு கையால் ஒதுக்குவது போல ஒதுக்கினார்.

"அதை அப்புறம் பேசுவோம் அண்ணே. அது பெரிய தப்பு, பேசித்தான் ஆகணும். ஆனா இதைக் கேளுங்க. துரையோட முடியையும் அனுப்பினேன் இல்லையா? அது சுத்தமான குட்டைச் செவலை! கறுப்பா இருந்தாலும் அதே இனம். எங்கேயோ தப்பி நின்ன வேற வழி. நம்ம பழைய காளைக்கு உறவே கிடையாதாம். எத்தனை சந்தை அலைஞ்சேன்! தெருக்கோடியில தண்ணி வண்டி இழுத்துட்டு இருந்திருக்கு. நாளைக்கே அதை இங்க கொண்டுவந்து விந்து எடுத்து உறைய வச்சுட்டா, நம்ம காலம் மட்டுமில்ல, அடுத்த தலைமுறைக்கும்..."

அவர் பேசப் பேச ஊசிக்காரர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். டாக்டரம்மா நிறுத்தினார்.

"முடிச்சுட்டேன்மா," என்றார்.

"எதை முடிச்சீங்க?"

அவர் வாயால் சொல்லவில்லை. சுவர் ஆணியில் மாட்டியிருந்த இடுக்கியைப் பார்த்தார். டாக்டரம்மாவும் திரும்பி அதைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்திலிருந்து போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரம்தான் ஊசிக்காரர் வாழ்க்கையிலேயே கேவலமான நேரம். நாலு பேர் நடுவில் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

டாக்டரம்மா எழுந்து பின்னறைக்குப் போனார். டாங்கைத் திறந்து, அளவுகோலை விட்டு நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்தார். காலையில் வந்ததும் எப்போதும் செய்கிற வேலை அது. திரும்பி வந்து சொன்னார்.

"துரையோட காதுல ஒரு சின்னத் துண்டு எடுத்துட்டு வாங்க. உயிரணுவாவது உறைஞ்சு கிடக்கட்டும். அதிலேர்ந்து ஒரு மாட்டைத் திரும்ப உண்டாக்குற வசதி நம்மகிட்ட இல்ல. என்னைக்காவது யார்கிட்டயாவது இருக்கும்." பிறகு, "உங்க மச்சான்கிட்ட நான் போய்ச் சொல்றேன். மையத்தோட தப்புன்னு சொல்லிடலாம்," என்றார்.

"வேண்டாம்மா. மையத்துக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

போகிற வழியில் கண்ணாடிக் கடையில் ஏறினார். கடைக்காரர் வயதைக் கேட்டார், குறைக்காமல் சொன்னார். மேட்டுவீட்டு வாசலில் நின்று, குச்சி மாறியதைச் சொன்னார். மேட்டுவீட்டுக்காரம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கப்புறம் மச்சான் வீட்டுக்கு நடந்தார்.

மச்சான் குழாயடியில் துரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"அட, மாப்பிள்ளை! கண்ணாடியெல்லாம் பலமா இருக்கு!" என்றவர், ஊசிக்காரர் கையில் இருந்த காது வெட்டும் கருவியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னும் அதுகிட்ட என்ன மிச்சம் இருக்குன்னு வந்தீங்க?"

ஊசிக்காரர் நின்றபடியே சொன்னார். கன்றின் தகப்பன் துரை இல்லை, தான் போட்ட குச்சிதான் மாறியது, அது தனக்குத் தெரியும், தெரிந்தேதான் இடுக்கியைப் பிடித்தது என்று சொன்னார். மச்சான் நாரால் தேய்த்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"அப்ப துரை வேலி தாண்டலை."

"தாண்டலை மச்சான்."

"நான் அதை அடிச்சேன் மாப்பிள்ளை. நீங்க சொன்னதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்து, ஏன்டா போனே, ஏன்டா போனேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன்." அவர் துரையின் விலாவைத் தடவினார். "அதுக்கு முன்னால அதை நான் அடிச்சதே இல்ல."

ஊசிக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. புதுக் கண்ணாடியில் எல்லாமே கிட்டத்தில் இருந்தன.

"உங்களுக்கு எழுத்து தெரியாதுன்னு எனக்குத் தெரியும்," என்றார் மச்சான். "ஊருக்கே தெரியும். அன்னைக்கு ஊசி சரியாப் போட்டீங்களான்னு கேட்டேனே, அப்பவே மனசுல ஓடுச்சு. ரெண்டாந்தடவை கேட்டா, தங்கச்சி எதிர்ல மாப்பிள்ளை சங்கடப்படுவாரேன்னு விட்டுட்டேன்."

திட்டுவார் என்று நினைத்து வந்தவருக்கு இது தாங்கவில்லை. இத்தனை பேர் சேர்ந்து தன் மானத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறார்கள். அந்த மானத்துக்கு விலை கொடுத்தது வாயில்லாத ஒரு மாடு. அழக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

"சரி, அதை விடுங்க. காது எதுக்கு?" என்று மச்சான் கேட்டார்.

இதைச் சொல்லாமல் போய்விடலாம். ஏதோ பரிசோதனை என்றால் மச்சான் நம்பிவிடுவார், எப்போதும் நம்புகிறவர்தானே. ஊசிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"துரை கலப்பு மாடு இல்ல மச்சான். டாக்டரம்மா ஊர் ஊராத் தேடினாங்களே, அந்தக் காளை இதுதான். இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துது. இதை வச்சுத்தான் அந்த இனமே தழைச்சிருக்கணும். இனி இதுக்குக் கன்னு பிறக்காது."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மச்சான் அதை நிறுத்தவில்லை. நாரைக் கீழே போட்டார். துரையின் தலைப்பக்கம் போய், ஈரக்கையால் அதன் இரண்டு காதையும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"மெல்லச் சொல்லியிருக்கலாம் மாப்பிள்ளை," என்றார். "அது கேட்டுக்கிட்டிருக்கு."